‘கெ, ர, டி’ என்று படித்த பையனும் என் ஆய்வுத் தேடலும்

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் ‘கொடி’ என்ற சொல்லை ‘கெ… ர… டி’ என்று படித்தான். மூன்று முறை படிக்கச் சொன்னேன். மூன்று முறையும் அதேதான். பேச்சில் படு கெட்டி. பள்ளியில் கொடியேற்றும்போது கயிறு சிக்கினால் ஓடி வந்து எடுத்துவிடுகிறவனே அவன்தான். எழுத்தில் வந்தால் மட்டும் அந்தக் கொடி ‘கெரடி’ ஆகிவிடுகிறது.

கொஞ்சம் உற்றுப் பார்த்தால் அவன் தப்பில் ஒரு நியாயம் இருந்தது. இடமிருந்து வலமாகப் படி என்று சொல்லிக் கொடுத்தது நாம்தான். அவன் கண்ணில் முதலில் படுவது ஒற்றைக்கொம்பும் அதையடுத்த க-வும். அது ‘கெ’. அப்புறம் நிற்கிற துணைக்கால் அவனுக்கு ‘ர’. கடைசியில் ‘டி’. அவன் வரிசை தவறவே இல்லை. நம் எழுத்துதான் ஓசையின் வரிசையில் நிற்கவில்லை.

நான் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்க்கிறேன். அந்த ஆண்டு செயலாய்வு, அதாவது தன் வகுப்புச் சிக்கல் ஒன்றை ஆசிரியரே ஆராய்ந்து எழுதுவது, ஒன்று எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அதில் ‘முன்னாய்வுகள்’ என்று ஒரு பகுதி உண்டு. போன வருடம் யாரோ எழுதியதை வாங்கி, பெயர்களை முன்பின் மாற்றி ஒட்டிவிடுவதுதான் வழக்கம். நானும் இரண்டு முறை அப்படிச் செய்தவன்தான். இந்த முறை அந்தப் பையன் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டதால், உண்மையிலேயே யாராவது இதை ஆராய்ந்திருக்கிறார்களா என்று பார்த்துவிடலாம் எனக் கிளம்பினேன்.

முதல் ஒரு வாரம் வீண். மெல்லக் கற்போருக்கு வாசிப்பு கற்பிப்பது எப்படி என்று தமிழிலும், ‘ஸ்லோ லேர்னர்’ என்று போட்டு ஆங்கிலத்திலும் தேடினேன். டியூஷன் விளம்பரங்கள், முப்பது நாளில் தமிழ் வாசிக்கும் வீடியோக்கள், விற்பனைக்குப் பயிற்சித் தாள்கள் என்று கொட்டின. சரி, செயற்கை நுண்ணறிவைக் கேட்போம் என்று ஒரு செயலியிடம் தமிழ் வாசிப்பு பற்றிய ஆய்வுகளைப் பட்டியலிடச் சொன்னேன். எட்டு தந்தது. ஆசிரியர் பெயர், ஆண்டு, இதழ், கட்டுரையை இணையத்தில் திறக்கும் டிஓஐ எண் எல்லாம் கனகச்சிதம். ஒரு டிஓஐ-யைத் தட்டினால் நெற்பயிர் நோய் பற்றிய கட்டுரை திறந்தது. இன்னொன்று திறக்கவே இல்லை. மற்ற தலைப்புகளை அப்படியே மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினேன். ஒன்றுகூட உலகத்தில் இல்லை. இரண்டு ஆய்வாளர்களின் பெயர் மட்டும் நிஜம், அவர்கள் எழுதியதாகச் சொன்னது பொய். அந்தப் பட்டியலை அப்படியே ஒட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. (யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம். அதுதான் இன்னும் மோசம்.)

சிக்கல் என்னிடம்தான் இருந்தது. நாங்கள் ஆசிரியர் அறையில் பேசும் சொற்களை வைத்துத் தேடிக்கொண்டிருந்தேன். ஆய்வாளர்கள் அதே விஷயத்தை வேறு சொல்லால் அழைக்கிறார்கள். ‘மெல்லக் கற்போர்’ என்பது பிள்ளையின் மேல் ஒட்டும் சீட்டு. அந்தப் பையனுக்கு எது வரவில்லை என்பதை அது சொல்லாது.

சரியான சொல் கிடைத்தது அமெரிக்காவின் ‘நேஷனல் ரீடிங் பேனல்’ 2000-இல் வெளியிட்ட அறிக்கையைப் புரட்டியபோது. இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. வாசிப்பை அது ஐந்தாகப் பிரித்துப் பேசுகிறது: சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைப் பிரித்து உணர்வது, எழுத்தையும் ஒலியையும் இணைப்பது, சரளம், சொல்வளம், பொருள் புரிதல். அங்கிருந்து பின்னோக்கிப் போனால் காஃப், டன்மர் என்ற இருவர் 1986-இல் எழுதிய சிறு கட்டுரை வந்தது. வாசித்துப் புரிந்துகொள்வது என்பது எழுத்தை ஒலியாக்கும் திறனும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனும் சேர்ந்த பெருக்கல் என்கிறார்கள் அவர்கள். கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம். என் பையனுக்கு மொழி நிறைய இருக்கிறது, எழுத்தை ஒலியாக்குவதுதான் இல்லை. அதற்கு அவர்கள் சொல்லும் பெயர் ‘டிகோடிங்’. அந்த ஒரு சொல்லைப் போட்டதும் தேடல் முடிவுகளின் முகமே மாறிவிட்டது. விளம்பரங்கள் போய் ஆய்விதழ்கள் வந்தன.

அதன்பின் எரிக் பக்கம் போனேன். அமெரிக்கக் கல்வித் துறை நடத்தும் கல்வி ஆய்வுக் களஞ்சியம் அது. 1960-களிலிருந்து இருக்கிறது, யார் வேண்டுமானாலும் காசில்லாமல் தேடலாம். அங்கே எனக்கு மிகவும் பிடித்தது அதன் சொற்களஞ்சியம். நாம் ஒரு சொல்லைப் போட்டால் களஞ்சியம் அதை எந்தத் தலைப்பின் கீழ் வைத்திருக்கிறது, அதைவிட விரிந்த சொல் எது, குறுகிய சொல் எது என்று காட்டிவிடும். தேடலுக்கு முன் அங்கே பத்து நிமிடம் சும்மா சுற்றினாலே பாதி வேலை முடியும். தேடல் பெட்டிக்குக் கீழே இரண்டு கட்டங்கள் உண்டு. ஒன்று, சக ஆய்வாளர்கள் மதிப்பிட்டவை மட்டும். மற்றது, முழுக் கட்டுரை அங்கேயே இருப்பவை மட்டும். முதலில் இரண்டையும் டிக் செய்துவிட்டு, கிடைத்தவை போதவில்லை என்று புலம்பினேன். முழுக் கட்டுரைக் கட்டத்தை எடுத்துவிட்டால் முடிவுகள் பல மடங்காகின்றன. கட்டுரையின் பெயர் தெரிந்துவிட்டால் அதை வேறு எங்காவது பிடித்துக்கொள்ளலாம். முழுதாகக் கிடைக்குமா என்பதை எரிக் தரும் பதிவு எண்ணைப் பார்த்தும் ஓரளவு கணிக்கலாம். ஈடி என்று தொடங்கினால் அறிக்கை போன்றவை, பெரும்பாலும் முழுதாகக் கிடைக்கும். ஈஜே என்றால் ஆய்விதழ்க் கட்டுரை, பெரும்பாலும் சுருக்கம் மட்டும்தான்.

இவ்வளவு செய்தும் ‘கெரடி’ எங்கும் அகப்படவில்லை. எல்லாமே ஆங்கிலம் படிக்கிற பிள்ளைகளைப் பற்றியவை. அப்போதுதான் டேவிட் ஷேர் 2008-இல் எழுதிய ஒரு கட்டுரை கண்ணில் பட்டது. வாசிப்பு ஆய்வுலகம் ஆங்கிலத்தையே அளவுகோலாக வைத்துக்கொண்டிருக்கிறது, ஆங்கிலமோ எழுத்துக்கும் ஒலிக்கும் உறவு தாறுமாறாக உள்ள விதிவிலக்கு மொழி என்று அவர் வாதாடுகிறார். அதற்கு முன் 2003-இல் சீமோர் குழுவினர் 13 ஐரோப்பிய மொழிகளில் பிள்ளைகள் எப்படி வாசிக்கத் தொடங்குகிறார்கள் என்று ஒப்பிட்டிருந்தார்கள். ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் காலம் பிடித்திருக்கிறது. ஆங்கிலத்துக்குச் செய்த மருந்தை அப்படியே தமிழ்ப் பிள்ளைக்கு ஊட்டக்கூடாது என்று எனக்கு உள்ளூர ஒரு சந்தேகம் இருந்தது. இதைப் படித்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது.

அடுத்த சாவி ‘அக்ஷர’ என்ற சொல். தமிழ், கன்னடம், இந்தி போன்ற எழுத்து முறைகளை உலக ஆய்வாளர்கள் இந்தப் பெயரில்தான் தொகுத்துப் பேசுகிறார்கள். நம் ஊர்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் போட்டுத்தான் தேட வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? அதைப் போட்டதும் சோனாலி நாக் 2007-இல் கன்னடப் பிள்ளைகளைப் பற்றி எழுதியது வந்தது. அத்தனை எழுத்துகளையும் கைக்கொள்வது முதல் வகுப்போடு முடிகிற காரியம் இல்லை, மேல் வகுப்புகளுக்கும் நீள்கிறது என்கிறது அது. நாம் 247 எழுத்தையும் பொங்கலுக்குள் முடித்துவிட வேண்டும் என்று துடிக்கிறோம். புவனேஸ்வரி, பிரகாஷ் படகண்ணய்யா இருவரும் 2014-இல் ஒரு நூலில் தமிழ் வாசிப்பு பற்றித் தனி அத்தியாயமே எழுதியிருக்கிறார்கள். நம் எழுத்து மற்ற இந்திய எழுத்துகளைவிட உயிருக்கும் மெய்க்கும் தனித்தனி எழுத்து வைக்கும் ஆங்கிலம் போன்ற முறைக்குக் கொஞ்சம் நெருக்கமானது என்பது அவர்கள் பார்வை. யோசித்துப் பார்த்தால், இந்தியில் போல எழுத்தின்மேல் எழுத்து ஏறி உட்காருவது நம்மிடம் இல்லை. புள்ளி வைத்துத் தனித்தனியாக நிறுத்திவிடுகிறோம்.

கடைசியில் என் கொடி இந்தியில் கிடைத்தது! ஜ்யோத்ஸ்னா வைத், அஷும் குப்தா இருவரும் 2002-இல் செய்த ஆய்வு. இந்தியில் குறில் இகரக் குறி மெய்க்கு இடப்பக்கம் எழுதப்படும், உச்சரிப்பதோ மெய்க்குப் பிறகு. அப்படி வரிசை மாறி நிற்கும் சொற்களைப் படிக்கக் கூடுதல் நேரம் பிடிக்கிறது என்று அளந்து காட்டியிருக்கிறார்கள். நம் ஒற்றைக்கொம்புக்கு அது அண்ணன் முறை. இந்தியில் ஒரு குறிதான் இடம் மாறுகிறது. நம் ‘கொ’வில் ஒரு பாதி முன்னாலும் ஒரு பாதி பின்னாலும் நிற்கிறது. ராத்திரி பதினோரு மணிக்கு அந்தச் சுருக்கத்தைப் படித்துவிட்டு வீட்டில் எல்லோரையும் எழுப்பிச் சொன்னேன். அவர்களுக்குக் கோபம்தான் வந்தது.

சுருக்கத்தோடு நிறுத்திக்கொள்ளலாமா என்றால், கூடாது. யாரை வைத்துச் செய்தார்கள், எத்தனை பேர், எந்த வயது, என்ன படிக்கச் சொன்னார்கள் என்பதெல்லாம் உள்ளேதான் இருக்கும். ஆனால் முழுக் கட்டுரையைத் திறந்தால் முப்பது, நாற்பது டாலர் கேட்கிறார்கள். ‘ஒரு நாடு ஒரு சந்தா’ திட்டத்தில் 2025 ஜனவரியிலிருந்து சுமார் 6,300 அரசு உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு உலக ஆய்விதழ்கள் திறந்துவிடப்பட்டிருக்கின்றன. நல்லதுதான். தொடக்கப் பள்ளி வாத்தியாருக்கு அந்தக் கதவு இல்லை. ஆய்வுக் கட்டுரைகளை மட்டும் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே ‘எல்லாப் பதிப்புகளும்’ என்ற பொருளில் ஓர் இணைப்பு இருக்கும். அதைத் தட்டினால் பல நேரம் ஆசிரியரின் பல்கலைக்கழகப் பக்கத்திலேயே பிடிஎஃப் கிடைக்கிறது. அன்பேவால் என்ற நீட்சியை உலாவியில் போட்டுக்கொண்டால் சட்டப்படி இலவசமாக உள்ள பிரதி எங்கே என்று அதுவே காட்டிவிடும். அதிலும் இல்லாவிட்டால் எழுதியவருக்கே அஞ்சல் போடலாம். எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. நான் இன்னார், இன்ன பள்ளி, என் வகுப்பில் இப்படி ஒரு பையன், உங்கள் கட்டுரை கிடைக்குமா என்று நாலே வரி. மூன்றாம் நாள் கட்டுரை வந்துவிட்டது. கூடவே, பையன் ‘கே’யை எப்படிப் படிக்கிறான் என்று பதில் கேள்வியும்.

சோத்கங்காவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளை இன்ஃப்ளிப்நெட் நிறுவனம் அதில் இலவசமாக வைத்திருக்கிறது. ஒவ்வோர் அத்தியாயமும் தனித்தனி பிடிஎஃப். நான் நேராக இரண்டாம் அத்தியாயத்துக்குப் போவேன், அதில்தான் முன்னாய்வுகள் இருக்கும். அப்புறம் கடைசிக் கோப்பு, துணைநூல் பட்டியல். ஆய்வேட்டின் தரம் ஏற்ற இறக்கமாக இருந்தாலும் பட்டியல் உதவும். தமிழில் எழுதியவற்றில் மட்டும் ஒரு தொல்லை. சில கோப்புகள் பாமினி, வானவில் காலத்து எழுத்துருவில் கிடக்கின்றன. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். நகலெடுத்து ஒட்டினால் ஏதோ மந்திரம் மாதிரி வரும். ஆகையால் உள்ளடக்கத்தில் தமிழ்ச் சொல்லைத் தேடினால் அகப்படாது. ஆங்கிலத் தலைப்பை வைத்துத்தான் அவற்றைப் பிடிக்க வேண்டும்.

இதற்கிடையில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஓர் அம்மா எழுந்து, “சார், போன்ல கதை படிச்சா மண்டையில ஏறுமா ஏறாதா?” என்று கேட்டார். ஏறாது என்று சொல்ல வாயெடுத்தேன். எதை வைத்துச் சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அடுத்த கூட்டத்தில் சொல்கிறேன் என்று தப்பித்தேன்.

முதலில் கிடைத்தது டெல்காடோ குழுவினரின் 2018 தொகுப்பாய்வு. 2000 முதல் 2017 வரை வந்த 54 ஆய்வுகள், 1,70,000-க்கும் மேற்பட்டவர்கள். திரையைவிடத் தாளில் படித்தவர்கள் சற்று நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். நேரக் கட்டுப்பாடு இருந்தால் இடைவெளி கூடுகிறது. தகவல் கட்டுரைகளில் வித்தியாசம் தெரிகிறது, வெறும் கதை என்றால் தெரியவில்லை. அந்த அம்மா கேட்டதோ கதையைப் பற்றி, அதுவும் சின்னப் பிள்ளைகள் படிக்கும் கதை. அதனால் கூகுள் ஸ்காலரில் அந்தக் கட்டுரைக்குக் கீழே ‘இதை மேற்கோள் காட்டியவை’ என்ற பொருளில் வரும் இணைப்பைத் தட்டி, அந்தப் பட்டியலுக்குள்ளேயே குழந்தைகள், கதை, திரை என்று மறுபடி தேடினேன். துணைநூல் பட்டியல் நம்மைப் பழைய ஆய்வுகளுக்குக் கூட்டிப் போகும், இந்த இணைப்பு புதியவற்றுக்குக் கூட்டிப் போகும். இது தெரியாமல் எத்தனை வருடம் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தேடினேனோ.

வந்தது 2021-இல் ஃபுரெனஸ், குசிர்கோவா, புஸ் மூவரும் எழுதியது. 39 ஆய்வுகள், ஒன்று முதல் எட்டு வயது வரை 1,812 பிள்ளைகள். அச்சுப் புத்தகத்தை அப்படியே திரையில் போட்டால் தாள்தான் ஜெயிக்கிறது. கதையோடு ஒட்டிய அசைவு, ஒலி போன்றவற்றை யோசித்துச் சேர்த்திருந்தால் திரை முந்துகிறது. அகராதி வைத்த மின்னூலில் பிள்ளைகள் சொற்களைக் கூடுதலாகக் கற்கிறார்கள், கதையைப் புரிந்துகொள்வதற்கு அது உதவவில்லை, சில நேரம் கெடுக்கிறது. அடுத்த கூட்டத்தில் இதை அந்த அம்மாவிடம் சொன்னேன். “அப்ப ஏறும், ஆனா எந்தக் கதைன்னு பாக்கணும்கிறீங்க” என்றார். நான் நாலு பக்கத்தில் எழுதி வைத்திருந்தது ஒரே வரியில் முடிந்தது.

அதே வேகத்தில் ‘டிஜிட்டல் எழுத்தறிவு’ என்று தேடியபோது மறுபடி சொல் காலை வாரியது. இந்தியாவோடு சேர்த்துத் தேடினால் 2017-இல் வந்த பிரதமரின் கிராமப்புற டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டம் பற்றியே குவிந்தது. ஆறு கோடி கிராமக் குடும்பங்களைக் குறிவைத்த திட்டம். பெரியவர்களுக்குக் கணினி, இணையம் பயன்படுத்தக் கற்றுத் தருவது. பால் கில்ஸ்டர் 1997-இல் இந்தத் தலைப்பில் நூல் எழுதியபோது நினைத்தது வேறு. பொத்தானை அழுத்தத் தெரிவதைவிட, வந்து விழும் தகவலை எடைபோடத் தெரிய வேண்டும் என்றார் அவர். பழைய ஆய்வுகள் இதையே கணினி எழுத்தறிவு, தகவல் எழுத்தறிவு, ஊடக எழுத்தறிவு என்று பிரித்துப் பிரித்துச் சொல்கின்றன. ஒரு சொல்லோடு நின்றால் ஒரு காலகட்டம்தான் கிடைக்கும்.

நான் தேடியது எங்கள் பிள்ளைகளின் எட்டாம் வகுப்பு அக்காமார்கள் வாட்ஸப் வதந்தியை நம்புவது பற்றி. அப்படி ஏமாறாமல் சரிபார்க்கும் வழிக்கு ஆய்வாளர்கள் வைத்த பெயர் ‘லேட்டரல் ரீடிங்’, பக்கவாட்டில் படிப்பது. வைன்பர்க், மெக்ரூ இருவரும் வரலாற்றாசிரியர்கள், செய்திச் சரிபார்ப்பாளர்கள், ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் என்று 45 பேரை உட்கார வைத்து, இணையப் பக்கங்களை எப்படி எடைபோடுகிறார்கள் என்று கவனித்தார்கள். 2019-இல் அது வெளியானது. படித்த பேராசிரியர்களும் மாணவர்களும் அந்தப் பக்கத்திலேயே மேலும் கீழும் உருட்டி, இலச்சினை நன்றாக இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார்கள். சரிபார்ப்பாளர்களோ வந்த வேகத்தில் பக்கத்தை விட்டு வெளியேறி, வேறு ஜன்னலைத் திறந்து, இவர்கள் யார் என்று மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் எனப் பார்த்திருக்கிறார்கள்.

படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. இரண்டு வருடத்துக்கு முன் ‘சர்வதேச’ என்று தொடங்கும் ஒரு பன்னாட்டு ஆய்விதழுக்கு 1,800 ரூபாய் கட்டி என் கட்டுரையை வெளியிட்டவன் நான். தளத்தில் உலக உருண்டை சுற்றிக்கொண்டிருந்தது. ஐஎஸ்எஸ்என் எண் இருந்தது. அது வெறும் பதிவு எண், தரச் சான்று இல்லை என்று எனக்கு அப்போது தெரியாது. அனுப்பிய மறுநாளே மதிப்பாய்வு முடிந்து ஏற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது. ஒரே நாளில் என் கட்டுரையை யார் படித்தது என்று கேட்கத் தோன்றவில்லை, சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டினேன். இன்னொரு ஜன்னலைத் திறந்து அந்த இதழின் பெயரோடு ‘போலி’ என்று போட்டிருந்தாலே போதும். இப்போது அறியாத இதழ் என்றால் முதலில் டிஓஏஜே என்ற திறந்த ஆய்விதழ்ப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கிறேன், ஆசிரியர் குழுவில் இருப்பவர் தன் சொந்தப் பக்கத்தில் அதைச் சொல்கிறாரா என்றும் பார்க்கிறேன். சட்டத்தைக் கழற்றிவிட்டேன், ஆணி மட்டும் சுவரில் இருக்கிறது.

குறிப்பெடுப்பதற்கு நான் பெரிய மென்பொருள் எதையும் வைத்துக்கொள்ளவில்லை. நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பக்க நோட்டு ஒன்று. தேதி, எங்கே தேடினேன், என்ன சொல் போட்டேன், எத்தனை வந்தது. ஒன்றும் வராத சொற்களையும் எழுதி வைப்பேன், இல்லாவிட்டால் ஒரு மாதம் கழித்து அதே சொல்லை மறுபடி போட்டு அதே ஏமாற்றத்தை அடைவேன். இப்படித் தேடியதில்தான், கொரோனா காலக் கற்றல் இழப்பு பற்றி அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து செய்த ஆய்வு இருப்பது தெரிந்தது. பள்ளி திறந்த ஆறு மாதத்தில் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது, அந்த மீட்சியில் 24 விழுக்காடு இல்லம் தேடிக் கல்வி என்ற அரசின் மாலை வகுப்புத் திட்டத்தால் வந்தது என்கிறது அது. நம் பிள்ளைகள், நம் திட்டம். அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் எங்கள் குறுவள மையத்தில் ஒருவருக்கும் அப்படி ஓர் ஆய்வு வந்ததே தெரியாது.

பையன் விஷயத்துக்கு வருகிறேன். அட்டையில் க எழுதி, இடப்பக்கம் கொம்பு ஒரு மடிப்பு, வலப்பக்கம் கால் ஒரு மடிப்பு என்று செய்தேன். இடக்கை மட்டும் நீட்டினால் ‘கெ’, வலக்கை மட்டும் நீட்டினால் ‘கா’, இரண்டு கையாலும் கட்டிக்கொண்டால் ‘கொ’. துணைக்கால் ‘ர’ இல்லை, க-வின் கை என்று அவனுக்குப் பட்டது. ஆறு வாரத்தில் கொடி, கொக்கு, பொடி, தொட்டி எல்லாம் வந்துவிட்டன. ‘கௌ’ மட்டும் இன்னும் ‘கெள’தான். அதில் நான் அவன் கட்சி. அங்கே நிற்பது ‘ள’ இல்லை என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

போன வாரம் பாடத்தில் ‘கொடுத்தார்கள்’ என்று வந்தது. விரலை எழுத்தின் கீழே வைத்து, ஒரு நொடி பார்த்துவிட்டு, “குடுத்தாங்க” என்று படித்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விட்டான். எழுத்தைத் தாண்டி நேரே பொருளுக்குப் போய்விட்டானா, இல்லை எழுத்தைப் பார்க்காமலே ஊகித்தானா? மதிப்பீட்டுப் படிவத்தில் இதைச் சரி என்று போடுவதா தவறு என்று போடுவதா என்று தெரியாமல் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். பேச்சுமொழிக்கும் எழுத்துமொழிக்கும் உள்ள தூரத்தை ‘டைக்ளோசியா’ என்ற சொல்லில் தேட வேண்டும் என்பது வரைக்கும் வந்துவிட்டேன். எலினோர் சயே-ஹத்தாத் 2003-இல் அரபு படிக்கும் பிள்ளைகளை வைத்து இதே தூரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். சுருக்கம்தான் கிடைத்திருக்கிறது. முழுக் கட்டுரை கேட்டு நேற்று நாலு வரி அஞ்சல் போட்டிருக்கிறேன்.